இருபத்துமூன்று பெசோ

பைசாந்தூவில் ஜூலை என்றால் நடுக்கும் குளிர்.
கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன்.
குனிந்து நுழைந்தார்கள் இருவரும்
போர்வையில் சுற்றிய ஒன்றை
ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு.
சேர்ந்து தூக்கும் கடைசிப் பொருள் அது என்று
எனக்கு அப்போது தெரியாது.

இருபத்தேழு அங்குலம், வெள்ளை நிறம்.
திரையின் முதுகிலேயே மூளை, மூச்சு, குரல்.
ஆல் இன் ஒன்.
சுவருக்குப் போவது ஒரே ஒரு ஒயர்.
ஐந்து வருடத்துக்கு முன்
நாற்பத்திரண்டாயிரம் பெசோ, பன்னிரண்டு தவணையில்.

"பிரிச்சுக் குடுங்க" என்றார் ஏபெர்.
"திரை அவளுக்கு, உள்ளே இருக்கிறது எனக்கு."
மீர்த்தா மறுக்கவில்லை.
சோபா, பிரிட்ஜ், நாய் எல்லாம்
வக்கீல் முன்னால் பிரிந்தாயிற்றாம்.
இது மட்டும்தான் பாக்கி.

கிதார் மீட்டும் வில்லையை விளிம்பில் செருகிப்
பசையை அறுத்தேன்.
அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு.
கண்ணாடியைத் தூக்கினால்
ஐந்து வருடத் தூசி,
நாய் முடி,
விசிறியின் இதழில் ஒட்டிய மத்தே இலைத்தூள்,
போர்டில் கட்டைவிரல் அகலத்துக்குக் கருகல்.
மெமரியைப் போர்டோடு வைத்துப் பற்றவைத்திருந்தார்கள்,
அதற்கும் சேர்த்துத்தான் சாவு.

திரையில் ஒரு கீறல் இல்லை.
ஆனால் வெளியிலிருந்து படம் வாங்கிக்கொள்ள
அதற்கொரு வாய் வைக்கவில்லை, செய்தவர்கள்.
நல்ல கண்தான்.
வைத்துக்கொள்ள வேறு தலை கிடையாது.

சூயிங்கம் அளவில் டிஸ்க் ஒன்று பிழைத்திருந்தது.
ஏபெரின் உள்ளங்கையில் வைத்தேன்.
"இவ்வளவுதானா?" என்றார்.
இவ்வளவுதான்.

"அப்போ ஏமாந்துட்டோமா?" மீர்த்தா கேட்டாள்.
"கடையிலேயே சொன்னேன்" என்றார் அவர்.
"மேசை எண்பது சென்டிமீட்டர்.
உங்க பெட்டியை எங்கே வைக்கிறது, என் மடியிலா?"
இரண்டு பக்கமும் இடிவாங்கும் மத்தளமாய் நான்
கால்குலேட்டரை எடுத்தேன்.

ஐந்து வருடம், ஆயிரத்து எண்ணூற்று இருபத்தைந்து நாள்.
நாளுக்கு இருபத்துமூன்று பெசோ.
மூன்று கறிக்கடைகளின் கணக்கை அதில்தான் அவள் எழுதினாள்.
அவர் பந்தாட்டம் பார்த்தார்.
இருபத்துமூன்று பெசோவுக்கு
ஒரு வேளை ரொட்டி வராது.
நஷ்டம் என்று எப்படிச் சொல்ல?

தனித்தனியாக வாங்கியிருந்தால்
போர்டை மாற்றிப் போட்டுவிட்டு
இந்தத் திரையை இன்னும் பத்து வருடம் ஓட்டலாம்.
லாபம் என்றும்தான் எப்படிச் சொல்ல?
இரண்டையும் சொன்னேன்.
இரண்டு பேரும் தங்களுக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.
கூலி அறுநூறு.
ஆளுக்கு முந்நூறாக எண்ணி வைத்தார்கள்,
சில்லறை சுத்தமாக.

ஆகஸ்டில் ஏபெர் ஒரு போட்டோ அனுப்பினார்:
கறுப்புப் பெட்டி, தனித் திரை, இரண்டு ஸ்பீக்கர்,
தரையெல்லாம் பின்னிக் கிடக்கும் ஒயர்.
'எது கெட்டாலும் அதை மட்டும் மாத்திக்குவேன்'
என்று கீழே ஒரு வரி.
மீதி அறை காலியாக இருந்தது.

மீர்த்தா கூப்பிட்டபோது போனேன்.
பேக்கரிக்கு மேலே, நாலாம் மாடி, ஒற்றை அறை.
மேசை இன்னும் சின்னது.
அதன்மேல் புத்தம்புதிதாக
இருபத்துநாலு அங்குல ஆல் இன் ஒன்.
என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே
என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"தெரிஞ்சேதான் வாங்கினேன்" என்றாள்.
"நாளுக்கு முப்பது பெசோ ஆனாலும் ஆகட்டும்.
எதையும் எதோடயும் கோக்கிற வேலை
கொஞ்ச நாளைக்கு வேண்டாம் எனக்கு."

செருகினேன். ஒரே ஒயர்.
எரிந்தது.
அதற்குக் கூலி எப்படிக் கேட்பது?
பஸ் காசு மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

பழைய திரையை இருவருமே எடுத்துப்போகவில்லை.
கடைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது.
யாராவது விலை கேட்டால்
என்ன சொல்வதென்று இன்னும் முடிவாகவில்லை.
காலையில் ஷட்டர் தூக்குமுன்
அந்தக் கறுப்பில் முகம் பார்த்துத்
தலை சீவிக்கொள்கிறேன்.